போர்வெல் முதல் பனிப்பாறை வரை: பழைய தண்ணீரின் வயதை அரிய ஐசோடோப்புகளால் கணிக்கும் முறை

பெங்களூரில் 1,200 அடிக்குப் போர் இறக்கித் தண்ணீர் வந்தால், "இது லட்சம் வருஷத்துத் தண்ணீர்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது தவறு. ஆழம் வேறு, வயது வேறு. இந்த ஊருக்கு அடியில் இருப்பது நைஸ் (gneiss) என்ற கடினப் பாறை. மேலே சிதைந்த மண், அதற்குக் கீழே இறுகிய பாறை, அதில் அங்கங்கே விரிசல்கள். சுற்றிலும் நூறு மோட்டார்கள் இரவும் பகலும் இழுக்கும்போது சில பத்தாண்டுகளுக்குள் பெய்த மழைகூட விரிசல் வழியாக ஆயிரம் அடிக்கு இறங்கிவிடும். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே களிமண்ணால் மூடப்பட்டுக் கிடக்கும் மணல் நீரடுக்கின் கதை வேறு. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைய தண்ணீரை எதிர்பார்க்கலாம்.

எனவே வயதை ஊகிக்கக் கூடாது, அளக்க வேண்டும். இங்கே வயது என்பது மழைநீர் மண்ணுக்குள் இறங்கிக் காற்றோடு தொடர்பு அறுந்த நாளிலிருந்து கழிந்த காலம். பனிப்பாறையில், காற்றுக் குமிழி மூடிக்கொண்ட நாளிலிருந்து.

எந்தக் கடிகாரம், எந்தக் காலத்துக்கு

ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை. இங்கே பேசுபவை கதிரியக்கம் உள்ளவை, மெல்லச் சிதைந்து குறைபவை. பாதி சிதைய ஆகும் காலம்தான் அரை ஆயுள். எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் வயது தெரியும். எந்த ஐசோடோப்பையும் ஏறத்தாழ அதன் அரை ஆயுளில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்து, மிஞ்சினால் ஏழு மடங்கு வரைதான் நம்பலாம். அதற்குக் குறைந்தால் மாற்றம் தெரியாது, கூடினால் எண்ணுவதற்கு மிச்சம் இருக்காது.

- டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க வகை): அரை ஆயுள் 12.32 ஆண்டு. 1950-களுக்குப் பிறகு இறங்கிய தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும். அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் மழையில் உச்சத்துக்குப் போனது, இப்போது இயற்கை அளவுக்கு அருகில் வந்துவிட்டது.
- கிரிப்டான்-85: 10.7 ஆண்டு. அணு எரிபொருளை மறுசுழற்சி செய்யும் ஆலைகளிலிருந்து காற்றில் கலப்பது. இதற்கும் வரம்பு கடந்த அறுபது ஆண்டுதான்.
- ஆர்கான்-39: 268 ஆண்டு. சுமார் 50 முதல் 1,500 ஆண்டு வரை. மற்றவை எதுவும் சரியாகத் தொடாத இடைவெளி இது.
- கார்பன்-14: 5,730 ஆண்டு. சுமார் 40,000 ஆண்டு வரை.
- கிரிப்டான்-81: 2,29,000 ஆண்டு. சுமார் 30,000 முதல் 13 லட்சம் ஆண்டு வரை.

குளோரின்-36 என்ற இன்னொன்றும் உண்டு. அரை ஆயுள் 3,01,000 ஆண்டு. சாக்கடை உப்பும் பாறை உப்பும் கலக்கும் இடத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. பாறைக்குள் யுரேனியம், தோரியம் கிளப்பும் நியூட்ரான்களாலும் அது புதிதாக உண்டாகிறது. திபெத்தின் குலியா பனிமுடியில் அடிப்பகுதிக்கு 5 லட்சம் ஆண்டுக்கு மேல் வயது என்று 1997-ல் குளோரின்-36-ஐ நம்பிச் சொன்னார்கள். 2019-ல் கிரிப்டான்-81 கொண்டு அளந்தபோது, மிஞ்சிப்போனால் 15,000 முதல் 74,000 ஆண்டு என்ற வரம்புதான் கிடைத்தது.

கிரிப்டான்-81-க்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அது மேல் வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிரால் உண்டாகி, உலகமெங்கும் ஒரே விகிதத்தில் கலந்திருக்கிறது. எதனோடும் வினை புரியாது, பாறைக்குள் உண்டாவதும் சொற்பம். சிக்கல் அளவில்தான். 25 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் கிரிப்டான் வாயு 0.06 மைக்ரோலிட்டர்; அதில் கிரிப்டான்-81 அணுக்கள் சுமார் 1,500. அவை சிதைவதை எண்ணலாம் என்று உட்கார்ந்தால், சராசரியாக 220 ஆண்டுக்கு ஒரு சிதைவு. அதனால்தான் சிதைவை விட்டுவிட்டு அணுக்களையே லேசரால் பிடித்து எண்ணும் முறை தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) தேசிய ஆய்வகத்தில் 1999-ல் வந்த இம்முறையால், 2004-ல் எகிப்தின் நூபியன் நீரடுக்குக்கு 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டு வரை வயது குறிக்க முடிந்தது.

படி 1: கிணற்றைத் தேர்ந்தெடுத்தல்

பாதி வேலை இங்கேதான் கெடும். முதலில் போர் போட்டவர்களைப் பிடியுங்கள். பெங்களூரில் ஓடும் ரிக் வண்டிகளில் பல திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டிகள், ஆட்களோடு தமிழிலேயே பேசலாம். கேட்க வேண்டியவை: கேசிங் எத்தனை அடி, எந்தெந்த அடியில் தண்ணீர் தட்டியது, மோட்டார் எந்த அடியில் தொங்குகிறது, ஓட்டாதபோது நீர்மட்டம் எங்கே நிற்கிறது.

பிறகு கழிக்க வேண்டியவை:

- கம்ப்ரசர் போட்ட போர். குழாய்க்குள் காற்றை ஊதித் தண்ணீரைத் தூக்கும் இந்த வகையில் வாயு மாதிரி எடுப்பது வீண். தண்ணீரில் இருந்த பழைய வாயு போய், இன்றைய காற்று ஏறியிருக்கும். டிரிட்டியத்துக்கு மட்டும் பயன்படும்.
- புதிதாகப் போட்ட போர். துளையிடும்போது அழுத்தக் காற்று விரிசல்களுக்குள் அடிக்கப்பட்டிருக்கும். சில மாதம் ஓடிய பிறகு வாருங்கள்.
- மேல் ஊற்று உள்ளே விழும் போர். 200 அடியில் ஒரு ஊற்று, நீர்மட்டம் 600 அடி என்றால், நடுவில் தண்ணீர் அருவியாக விழுந்து காற்றைக் கரைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து காது கொடுத்தால் விழும் சத்தம் கேட்கும். கேட்டால் அடுத்த கிணற்றுக்குப் போங்கள்.
- நீர்மட்டம் மோட்டாருக்குப் பக்கத்தில் இறங்கிவிடும் போர். மோட்டார் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும்.

சம்ப்பிலிருந்தோ மாடித் தொட்டியிலிருந்தோ எடுத்த மாதிரி வேண்டவே வேண்டாம். போரின் வாயிலேயே, வால்வுக்கு முன்னால் ஒரு குழாய்த் திறப்பு இருக்க வேண்டும்.

படி 2: நின்ற தண்ணீரை வெளியேற்றுதல்

துளையில் நிற்கும் தண்ணீரைப் போல மூன்று மடங்கை வெளியேற்றிய பிறகே மாதிரி. ஆறரை அங்குலப் போரில் ஒரு மீட்டருக்கு 21 லிட்டர் சொச்சம் நிற்கும். 300 மீட்டர் ஆழம், நீர்மட்டம் 150 மீட்டர் என்றால் 3,200 லிட்டர். மூன்று மடங்கு 9,600 லிட்டர். அதாவது 6,000 லிட்டர் டேங்கரில் ஒன்றரை டேங்கருக்கு மேல். இந்த ஊரில் அதைத் தெருவில் விட்டால் அடி விழும். முன்கூட்டியே பேசி, சம்ப்புக்குள் திருப்பி விடுங்கள்.

மின்கடத்துதிறன், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். தொடர்ந்து மூன்று அளவீடுகள் ஒத்துப்போனால் தொடங்கலாம். பாதியில் கடத்துதிறன் திடீரென்று தாவினால், வேறொரு விரிசல் தண்ணீர் தரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது நிலைக்கும்வரை காத்திருங்கள். கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

படி 3: பாட்டில் மாதிரிகள்

டிரிட்டியத்துக்கு 1 லிட்டர் தடித்த பிளாஸ்டிக் பாட்டில் போதும். விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். எதுவும் சேர்க்க வேண்டாம். இருட்டில் ஒளிரும் முள் உள்ள கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எடுங்கள். சில வகைகளில் டிரிட்டியமே இருக்கும், மாதிரியைக் கெடுத்துவிடும். ஆய்வகத்தில் தண்ணீரைக் காய்ச்சி வடித்து, மின்னாற்பகுத்து, சில நூறு மில்லியைப் பத்துப் பதினைந்து மில்லியாகச் சுருக்கிச் செறிவூட்டிய பிறகே எண்ணுவார்கள். செறிவூட்டாமல் எண்ணித் தரும் முடிவு இன்றைய மழையளவுக்கு உதவாது.

கார்பன்-14-க்கு முன்பெல்லாம் 50, 60 லிட்டர் தண்ணீரில் பேரியம் குளோரைடு ஊற்றிக் கார்பனேட்டை வீழ்படிவாக்குவார்கள். இப்போது முடுக்கி நிறை நிறமாலைமானிக்கு (அணுக்களை எடைப்படி பிரித்து எண்ணும் கருவி) 1 மில்லிகிராம் கார்பன் போதும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் பைகார்பனேட் உள்ள தண்ணீரில் சுமார் 59 மில்லிகிராம் கார்பன் இருக்கிறது. 500 மில்லி கண்ணாடி பாட்டில் தாராளம். ஓஸை பாட்டிலின் அடிவரை விட்டு, இரண்டு மூன்று மடங்கு வழியவிட்டு, குமிழி இல்லாமல் மூடுங்கள். குளிராகவும் இருட்டாகவும் வையுங்கள். நுண்ணுயிர் வளர்ந்தால் கார்பன் கணக்கு மாறும். சிலர் மெர்குரிக் குளோரைடு சேர்ப்பார்கள். கொடிய விஷம் என்பதால் நுண்வடிகட்டியே மேல்.

கூடவே கார்பன்-13, காரத்தன்மை, குளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றுக்கும் தனி பாட்டில் எடுத்துவிடுங்கள். பின்னால் தேவைப்படும், அப்போது திரும்பி வர முடியாது.

படி 4: தண்ணீரிலிருந்து வாயுவைப் பிரித்தல்

கிரிப்டானுக்கு இன்றைய ஆய்வகங்கள் 1 மைக்ரோலிட்டர் அளவு வாயுவே கேட்கின்றன, அதாவது 20 லிட்டர் தண்ணீர். ஆனாலும் களத்தில் 200 லிட்டர் ஓட்டுவது நல்லது. ஆர்கானும் சேர்த்துக் கிடைக்கும், ஏதாவது கெட்டாலும் மிச்சம் இருக்கும்.

தண்ணீர் வரும் வரிசையில் பொருத்த வேண்டியவை: ஒளி ஊடுருவும் தடித்த ஓஸ் (குமிழி வந்தால் கண்ணில் பட), 10 மைக்ரான், 5 மைக்ரான் வடிகட்டிகள் (ஆர்.ஓ. கடையில் கிடைக்கும் 20 அங்குல உறையே போதும்), அழுத்தமானி, ஓட்டமானி, லிக்வி-செல் போன்ற வெற்றிழைச் சவ்வுக்கலம், வெளியேறும் வால்வு. வாயுப் பக்கம்: நீராவி தங்கும் குடுவை, எண்ணெய் இல்லாத டயாஃபிரம் வெற்றிடப் பம்பு, சிறு கம்ப்ரசர், ஆக்சிஜன் மானி, முன்பே வெற்றிடமாக்கிய சிலிண்டர். சவ்வு தண்ணீரை விடாது, வாயுவை விடும்.

வேலை நடக்கும் ஒழுங்கு இது:

1. தண்ணீர் திறக்கும் முன் வாயுப் பக்கத்தை மூடி வெற்றிடம் இழுத்து, 10 நிமிடம் மானியைப் பாருங்கள். முள் ஏறினால் கசிவு. ஒவ்வொரு இணைப்பாக இறுக்குங்கள். டெஃப்லான் டேப் சுற்றிய திருகு இணைப்புகள்தான் பெரும்பாலும் குற்றவாளி.
2. தண்ணீரை மெல்லத் திறந்து, கலத்தில் 1 முதல் 2 பார் அழுத்தத்தில் வையுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர். தண்ணீர்ப் பக்கம் எங்கும் உறிஞ்சல் இருக்கக் கூடாது. இருந்தால் ஊசித் துளை வழியாகக்கூடக் காற்று ஏறும்.
3. முதலில் வரும் வாயுவை வெளியே விடுங்கள். ஆக்சிஜன் மானி இறங்கி நிலைக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜன் குறைவாகக் காட்டிய கிணற்றில் வாயுவின் ஆக்சிஜன் 20 சதவீதத்தை ஒட்டி நின்றால், நீங்கள் பெங்களூர்க் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.
4. சிலிண்டரை மாதிரி வாயுவால் இருமுறை நிரப்பி, வெற்றிடமாக்கி, மூன்றாம் முறை நிரப்புங்கள். லிட்டருக்குச் சுமார் 15 மில்லி வாயு வரும். 200 லிட்டருக்கு 3 லிட்டர். அலசுவதற்கும் வாயு வேண்டும் என்பதால் தண்ணீர் கூடுதலாக ஓடும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.
5. சிலிண்டருக்குள் வெளிக்காற்றை விட அழுத்தம் கூடுதலாக இருக்கும்படி மூடுங்கள். பிறகு கசிந்தாலும் வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. பாதி வெற்றிடமாக அனுப்பிய சிலிண்டர்தான் வழியில் கெடுவது.

இரண்டு சிலிண்டர் எடுங்கள். சரக்கு அனுப்பும்போது காகிதத்தில் "கதிரியக்க" என்ற சொல்லைப் பார்த்து விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருப்பது நைட்ரஜனும் கொஞ்சம் ஆர்கானும். பழைய தண்ணீரின் வாயுவில் கிரிப்டான்-85 நாம் மூச்சு விடும் காற்றில் இருப்பதை விடக் குறைவு. அழுத்த வாயு என்ற வகையில், உள்ளடக்கத்தைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள்.

பனிக்கட்டி என்றால்

ஒரு கிலோ பனிப்பாறைக் கட்டியில் சுமார் 100 மில்லி காற்று உண்டு. அதில் கிரிப்டான் 0.11 மைக்ரோலிட்டர், ஆர்கான் 1 மில்லி அளவு. ஆகவே கிரிப்டான்-81-க்கு 10 கிலோ, ஆர்கான்-39-க்குச் சில கிலோ. 2014-ல் அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாற்றில் சுமார் 1,20,000 ஆண்டு வயது கண்டபோது மாதிரிக்கு 350 கிலோ வெட்ட வேண்டியிருந்தது.

கட்டியின் வெளிப்புறத்தை ஓரிரு சென்டிமீட்டர் சீவி எறியுங்கள். விரிசல்களில் இன்றைய காற்று இருக்கும். ஸ்டீல் கலத்தில் உறைந்த நிலையிலேயே, மைனஸ் 20 டிகிரியில், வெளிக்காற்றை முழுக்க இழுத்த பிறகுதான் உருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே சூடாக்கினால் மேற்பரப்பு உருகிச் சுற்றியுள்ள காற்றைக் கரைத்துக்கொள்ளும். உருகும்போது வரும் வாயுவை, நீராவியை உறையவைக்கும் குளிர்பொறி வழியாக, திரவ நைட்ரஜனில் மூழ்கிய செயல்கரிக் குடுவையில் பிடியுங்கள். திரவ நைட்ரஜனை மூடிய அறையில் கையாளாதீர்கள். அது ஆவியாகி ஆக்சிஜனைத் தள்ளிவிடும், மயக்கம் முன்னறிவிப்பின்றி வரும்.

இமயமலைக் கட்டிகளில் கவனம். கோடையில் மேற்பரப்பு உருகி, நீர் கீழே இறங்கி மறுபடி உறையும் பனியாற்றில், குமிழிக் காற்றோடு உருகுநீரில் கரைந்த இளைய காற்றும் கலந்திருக்கும். கண்ணாடிபோல் குமிழியில்லாத பட்டைகள் தெரிந்தால் அந்தப் பகுதியை விடுங்கள். குமிழி மூடுவது 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில் என்பதால் காற்றின் வயது, சுற்றியுள்ள பனியின் வயதை விடக் குறைவாகவே இருக்கும். கட்டிகளை உருகவிடாமல் சேமிக்கவும் வெட்டவும் கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்தில் குளிரறை வசதி உண்டு.

படி 5: ஆய்வகத்தில்

டிரிட்டியத்துக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம். கார்பன்-14-க்கு டெல்லி இன்டர்-யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம். லேசர் எண்ணிக்கைக்குச் சீனாவின் ஹெஃபெய், ஆர்கான்-39-க்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கும்.

முதலில் டைட்டானியத்தை 800, 900 டிகிரிக்குச் சூடாக்கி நைட்ரஜன், ஆக்சிஜனை விழுங்க வைப்பார்கள். மிஞ்சுவதை வாயுப் பகுப்பியால் ஆர்கான், கிரிப்டான் என்று பிரிப்பார்கள். மீத்தேன் மிகுந்த தண்ணீர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கு வேறு சுத்திகரிப்பு வேண்டும். அடுத்து கிரிப்டான் அணுக்களை மின்வெளியீட்டால் கிளர்வுநிலைக்குத் தூக்கி, 811 நானோமீட்டர் லேசரால் வேகம் குறைத்து, காந்த-ஒளிப் பொறியில் பிடிக்கிறார்கள். லேசரின் அதிர்வெண் ஒரே ஒரு ஐசோடோப்புக்கு ஒத்துப்போவதால் மற்றவை சிக்குவதே இல்லை. பொறியில் ஒரு அணு ஒளிர்ந்தால் கேமரா எண்ணும். கூடவே நிலையான கிரிப்டான்-83-ஐ அளந்து விகிதம் எடுப்பார்கள். முந்தைய மாதிரியின் அணுக்கள் கலச் சுவரில் பதிந்து பிறகு வெளிவரும் என்பதால், அளவீடுகளுக்கு நடுவே செனான் வாயுவால் நாள் கணக்கில் கழுவ வேண்டியிருக்கும். முடிவு வரத் தாமதமானால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 6: கணக்கு

வயது = (அரை ஆயுள் ÷ 0.693) × இயல் மடக்கை (தொடக்க அளவு ÷ இப்போதைய அளவு). கிரிப்டான்-81-க்கு முதல் அடைப்புக்குறிக்குள் இருப்பது சுமார் 3,30,400.

உங்கள் மாதிரியில் கிரிப்டான்-81 இன்றைய காற்றின் 0.43 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நேரே போட்டால் சுமார் 2,79,000 ஆண்டு. ஆனால் அதே மாதிரியில் கிரிப்டான்-85, இன்றைய காற்றில் இருப்பதில் 5 சதவீதம் இருக்கிறது. லட்சம் ஆண்டுத் தண்ணீரில் அது சுழியமாக இருக்க வேண்டும். ஆக 5 சதவீதக் கிரிப்டான் வெளியிலிருந்து வந்தது. (0.43 − 0.05) ÷ 0.95 = 0.40, வயது சுமார் 3,03,000 ஆண்டு. கசிவை அம்பலப்படுத்தும் இந்தக் கிரிப்டான்-85 எண் இல்லாத கிரிப்டான்-81 முடிவை வாங்கவே கூடாது.

அந்த 5 சதவீதம் களத்தில் ஏறிய காற்றா, நிலத்தடியில் கலந்த புதுத் தண்ணீரா? டிரிட்டியத்தைப் பாருங்கள். காற்றுக் கசிவு டிரிட்டியத்தைக் கொண்டுவராது. டிரிட்டியமும் இருந்தால் கலப்பு நிலத்தடியில்.

கார்பன்-14-ல் தொல்லை தொடக்க அளவில். சுக்கான்கல் நிறைந்த மண் வழியாக இறங்கும் மழை, கார்பன்-14 இல்லாத பழைய சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ளும். நவீன அளவில் 45 சதவீதம் அளந்து, தொடக்கம் 100 என்று எடுத்தால் 6,600 ஆண்டு. 70 என்று எடுத்தால் 3,650 ஆண்டு. எது சரி என்பதைக் கார்பன்-13-ம் நீர்வேதியலும் கொண்டு திருத்த வேண்டும். பெங்களூரைச் சுற்றி இந்தத் திருத்தமில்லாத வயதை நம்பாதீர்கள்.

ஆர்கான்-39-ல் சிக்கல் நேர்மாறு. யுரேனியம், தோரியம் மிகுந்த கிரானைட்டில் நியூட்ரான்கள் பொட்டாசியத்தை ஆர்கான்-39 ஆக மாற்றும். ஸ்வீடனின் ஸ்ட்ரிபா கிரானைட்டில் இதனால் காற்றை விடக் கூடுதலாகவே கிடைத்தது. ராமநகரப் பக்கத்துக் குளோஸ்பேட் கிரானைட்டில் எடுக்கும் ஆர்கான்-39 வயதை, குறைந்தபட்ச வயது என்று மட்டும் வாசியுங்கள்.

பெங்களூர் முடிவுகளை வாசிக்கும்போது

விரிசல் பாறையில் ஒரு போர் பல விரிசல்களின் தண்ணீரைக் கலந்தே தருகிறது. டிரிட்டியம் இருக்கிறது, ஆனால் கார்பன்-14 பாதி என்றால் 5,700 வயதுத் தண்ணீர் என்று எழுதாதீர்கள். இளையதும் முதியதும் இத்தனைக்கு இத்தனை என்று பிரித்து எழுதுங்கள். டிரிட்டியம், கிரிப்டான்-85 இரண்டும் இல்லாதபோதுதான் ஒற்றை வயது பற்றிப் பேசலாம். கிரிப்டான்-81 இங்கே பெரும்பாலும் 1.0-ஐ ஒட்டி வரும். அதன் பொருள் 30,000 ஆண்டுக்குள் என்பது மட்டுமே. பணம் அளவாக இருந்தால் முதலில் டிரிட்டியமும் கார்பன்-14-ம், அடுத்தது கிரிப்டான்-85, கடைசி கிரிப்டான்-81. நெய்வேலி போன்ற மூடிய படுகைகளில் இந்த வரிசை மாறும்.

கழிவுநீர் திரும்ப இறங்கும் இடங்கள் தனி. நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர் கே.சி. வேலி (கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தில் 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. அந்தக் கழிவுநீரில் காவிரி நீரும் உண்டு, ஆழ்போர் நீரும் உண்டு. ஆழ்போர் நீர் குழாய், தொட்டி, ஏரி என்று காற்றில் புரண்டபோதே கிரிப்டான் கடிகாரம் புதிதாகத் தொடங்கிவிடும். டிரிட்டியம் தண்ணீரின் மூலக்கூறுக்குள்ளேயே இருப்பதால் பழையபடி குறைவாகவே நிற்கும். எனவே ஏரிக்குப் பக்கத்துக் கிணற்றில் கிரிப்டான்-85 இன்றைய அளவிலும், டிரிட்டியம் மழையை விடக் குறைவாகவும் வந்தால் இரண்டு ஆய்வகங்களையும் சந்தேகிக்கும் முன் நைட்ரேட்டையும் குளோரைடையும் பாருங்கள். அவையும் உயர்ந்திருந்தால் வந்திருப்பது மறுசுழற்சித் தண்ணீர். அவை இயல்பாக இருந்தால் கசிவைச் சந்தேகித்து, கையில் வைத்த இரண்டாவது சிலிண்டரை அனுப்புங்கள். முடிவு கையில் வரும்வரை அதைக் காலி செய்து அடுத்த கிணற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம்.